பெட்டி ஃப்ரீசர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு உபயோகத்துக்கு டீப் ஃப்ரீசர் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

ஐந்து பேர் உள்ள குடும்பம். வாராவாரம் மீன், மாதம் இரண்டு தடவை மட்டன் வாங்குகிறோம். எத்தனை லிட்டர் வாங்கலாம்? கண்ணாடி மூடி வைத்தது விலை குறைவாகக் கிடைக்கிறது. வீட்டில் இடம் இல்லாததால் பால்கனியில் வைக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

150 முதல் 200 லிட்டர் போதும். 300 லிட்டர் வாங்கினால் பாதி காலியாகவே ஓடும். காலி இடத்தில் காற்றுதான் நிற்கும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஈரத்தை உள்ளே கொண்டுவரும்.

கண்ணாடி மூடி ஐஸ்கிரீம் கடைக்கானது. வாடிக்கையாளர் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. வீட்டில் எட்டிப் பார்க்க யாரும் இல்லை; வெப்பம் மட்டும் அந்த வழியாக இறங்கும். கெட்டி மூடிதான் வாங்க வேண்டும். 'கன்வெர்டிபிள்' என்று விற்பதை ஃப்ரீசராகவும் சாதாரணக் கூலராகவும் மாற்றி வைக்கலாம். கல்யாணம், காதுகுத்து என்று அடிக்கடி கூல்டிரிங்ஸ் அடுக்குகிற வீடு என்றால் சரி, மற்றவர்களுக்கு அவசியமில்லை.

பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'கிளைமேட் கிளாஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'டி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுப்புறம் 43 டிகிரி வரை போனாலும் வேலை செய்யும்படி வடிவமைத்தது என்று பொருள். 'எஸ்.டி' என்றால் 38 டிகிரி வரைதான். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது. வெயில் நேராக அடிக்கும் பால்கனியில் பெட்டியின் தகரம் அதைவிடவும் சூடாகும். மழைச்சாரல் வேறு. அதனால் பால்கனி வேண்டாம். ஹாலின் மூலையோ படுக்கையறையோ கூடப் பரவாயில்லை.

வைக்கும்போது நான்கு பக்கமும் குறைந்தது நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். நிறைய மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் வெளித்தகரத்துக்கு உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டைத் தொட்டால் சுடுவது அதனால்தான், கோளாறு இல்லை. சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தச் சூடு போக வழியிருக்காது. மூடி முழுதாகத் திறக்க மேலே இடம் வேண்டும், கீழே தண்ணீர் வடியும் துளைக்குக் கை போக வேண்டும். லிஃப்டிலும் வாசல்படியிலும் நுழையுமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏப்ரலில் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பு காசிமேட்டில் மொத்தமாக மீன் வாங்கி ஃப்ரீசரில் வைக்கிறோம். மே கடைசியில் எடுத்தால் ஓரமெல்லாம் வெளுத்து, பஞ்சு மாதிரி இருக்கிறது. கானாங்கெளுத்தியில் பழைய எண்ணெய் வாடை. ஃப்ரீசர் சரியில்லையா?
– வாசகர், ராயபுரம்

ஃப்ரீசர் மீது குற்றமில்லை. கட்டிய விதமும் மீனின் இனமும்தான் காரணம்.

இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இவை. ஓரம் வெளுப்பது ஈரம் போனதால். உள்ளே இருக்கும் காற்று மிகவும் வறண்டது; திறந்து கிடக்கும் சதையிலிருந்து பனி நேரடியாக ஆவியாகிப் போய்விடும். அப்படி வெளுத்த பகுதியைச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ருசிதான் இருக்காது. எண்ணெய் வாடை என்பது காறல். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் அந்தக் கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடும். மைனஸ் 18 டிகிரியில் அது மெதுவாகும், நிற்காது.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்காகச் சேமிப்பவர்கள் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கினால் முதல் மாதத்திலேயே தீர்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வைக்கவே கூடாது. வஞ்சிரம் மூன்று மாதம் தாங்கும். கொழுப்புக் குறைந்த சங்கரா, கொடுவா நாலைந்து மாதம்கூட நன்றாக இருக்கும். விசைப்படகுகளுக்குத்தான் தடை, நாட்டுப்படகு மீன் அந்த நாட்களிலும் வரும் என்பதால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

கட்டும் முறை இது. கழுவி, தண்ணீரை நன்றாக வடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஓர் இரவு உறைய விடுங்கள். மறுநாள் ஐஸ்கட்டி மிதக்கும் தண்ணீரில் ஒவ்வொரு துண்டையும் முக்கி எடுத்தால், கண்ணெதிரிலேயே மேலே கண்ணாடி போல ஒரு பனித்தோல் படியும். பத்து நிமிடம் மறுபடி ஃப்ரீசரில் வைத்து இன்னொரு தடவை முக்குங்கள். இரண்டு மூன்று சுற்று போதும். இனி ஆவியாக வேண்டியிருந்தால் அந்தத் தோல்தான் முதலில் ஆவியாகும், சதை தப்பும். பிறகு ஒரு வேளைக்கான அளவு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாக மூடுங்கள். இறாலைத் தலை நீக்கி, டப்பாவில் தண்ணீர் மூழ்க ஊற்றி, கட்டியாகவே உறைய வைக்கலாம்.

உப்பும் மிளகாய்த்தூளும் தடவி உறைய வைப்பது பல வீடுகளில் பழக்கம். ஒரு வாரத்துக்கு என்றால் சரி. மாதக்கணக்கில் வைக்கும் மீனுக்கு உப்பு கூடாது. உப்பு காறலை விரைவுபடுத்தும். மஞ்சள் மட்டும் தடவுங்கள்.

அளவு விஷயம் ஒன்று. 200 லிட்டர் பெட்டியில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு கிலோவுக்கு மேல் புதிதாக வைக்காதீர்கள். இருபது கிலோவை ஒரே நேரத்தில் கொட்டினால் நடுவில் இருப்பது உறைய இரண்டு மூன்று நாள் ஆகும், பனிப்படிகம் பெரிதாகி, சமைக்கும்போது மீன் உதிரும். 'ஃபாஸ்ட் ஃப்ரீஸ்' பட்டன் இருந்தால் முதல் நாளே போட்டு வையுங்கள். எல்லாம் உறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் வகை மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, தடித்து, தலைவலி வருவது அதனால். உறைய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. மார்க்கெட்டிலிருந்து வீடு வரை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தால்தான் ஃப்ரீசரில் வைப்பதற்கு அர்த்தம்.

மூடியதும் உடனே திறக்க வரமாட்டேன் என்கிறது. இழுத்து இழுத்துக் கைப்பிடியே ஆடுகிறது.
– வாசகி, தாம்பரம்

உள்ளே புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது மூடியை உறிஞ்சிப் பிடிக்கிறது. மூடி விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், தானே விடும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் நல்ல கேஸ்கெட் கிழியும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பனிக்கட்டி மலைபோல ஏறிவிடுகிறது. கத்தியால் சுரண்டலாமா? ஏன் இப்படி ஏறுகிறது?
– வாசகர், மடிப்பாக்கம்

கத்தி, ஆணி, தோசைக் கரண்டி எதுவும் வேண்டாம். உட்புறத் தகட்டின் பின்னாலேயே குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய் ஒட்டியிருக்கிறது. ஒரு குத்து போதும். 'உஸ்' என்ற சத்தத்தோடு ஃப்ரீசரின் ஆயுள் முடியும்.

பனி எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நான்கு சுவரிலும் ஒரே சீராக ஏறினால் அது சென்னையின் ஈரக்காற்று. அடிக்கடி திறப்பதும், சூடு ஆறாத குழம்பை வைப்பதும் சேர்ந்து செய்வது. மேல் விளிம்பில், அதுவும் ஒரு மூலையில் மட்டும் பூப்பூவாகப் பூத்திருந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் காற்று விடுகிறது. அடியில் ஒரு மூலையில் கட்டி கட்டினால் வடிகால் துளையின் மூடி கழன்றிருக்கும். வாங்கிய நாளிலிருந்தே அதை மாட்டாத வீடுகள் நிறைய.

கேஸ்கெட்டைச் சோதிக்க ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். ஒரு சாண் தள்ளித் தள்ளி சுற்றிலும் செய்யுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் கோளாறு. முதலில் சோப்புத் தண்ணீரால் மடிப்புக்குள் துடையுங்கள். பாதி நேரம் அழுக்குதான். ரப்பர் வளைந்திருந்தால் ஹேர் டிரையரால் இதமாகச் சூடுகாட்டி, கையால் இழுத்து நேராக்கி, மூடி வைத்துவிடுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் ஒட்டாது. அதற்கும் சரியாகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். மூடியின் மேல் அரிசி மூட்டை வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். மூடி குழிந்தால் எந்தக் கேஸ்கெட்டும் பொருந்தாது.

பனி அரை சென்டிமீட்டர் தடித்ததும் உருக்கிவிடுவது நல்லது. பனி குளிரைச் சுவரிலேயே தடுத்து நிறுத்தும், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். சரக்கு குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து, உள்ளே இருப்பதைத் தெர்மகோல் பெட்டியில் அடுக்கி, மேலே கம்பளி போர்த்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்து, அடியில் மடித்த துண்டின் மேல் சுடுதண்ணீர்ப் பாத்திரம் வைத்து, வெளியிலிருந்து டேபிள் ஃபேனை உள்நோக்கித் திருப்பி விடுங்கள். இங்குள்ள வெயிலுக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாளம் பாளமாகக் கழன்று விழும், கையாலேயே எடுக்கலாம். ஒட்டியிருப்பதைப் பிளாஸ்டிக் தோசைத் திருப்பியால் தள்ளுங்கள். வடிகால் தரையை ஒட்டி இருப்பதால் வாளி போகாது. உயரம் குறைந்த தட்டு வையுங்கள்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் அலுமினியத் தகட்டை அரிக்கும், வேண்டாம். ஈரம் துளிகூட இல்லாமல் துடைத்து, வடிகால் மூடியை மாட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் காலியாக ஓட விட்ட பிறகு சரக்கை அடுக்குங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?
– வாசகர், கொளத்தூர்

200 லிட்டர் கெட்டி மூடிப் பெட்டி நம் ஊர் வெப்பத்தில் நாளுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். இரண்டு மாதக் கணக்கில் 60 முதல் 90 யூனிட். அந்த யூனிட்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பில் இப்போது 500 யூனிட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. நான்கு வருடம் ஆன ஃப்ரீசர். ஒரே வருடத்தில் இரண்டு தடவை கேஸ் ஏற்றியாகிவிட்டது. இப்போது மறுபடி குளிர்ச்சி இல்லை. மெக்கானிக் மூன்றாவது தடவை ஏற்றலாம் என்கிறார்.
– வாசகி, திருவான்மியூர்

ஏற்ற விடாதீர்கள். கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும்.

முதலில் உண்மையிலேயே கேஸ் குறைவுதானா என்று நீங்களே பாருங்கள். காலியாக நாலு மணி நேரம் ஓட விட்டுத் திறங்கள். உட்சுவர் முழுதும் மெல்லிய வெண்பனி படர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று கோடுகள் மட்டும் வெளுத்து, மற்ற இடம் வெறுமனே ஈரமாக இருந்தால் கேஸ் குறைவு, அல்லது குழாயில் அடைப்பு. பனியே இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் வந்து நின்றுபோகிறது என்றால் கம்ப்ரசர் கிளம்பவே இல்லை. ரிலே, ஓவர்லோட், கெப்பாசிட்டர் இவற்றில் ஒன்று போயிருக்கும், அல்லது வோல்டேஜ் குறைவு. இவை சின்னச் செலவு. பின்னால் ஃபேன் வைத்த மாடல் என்றால் அது சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

கடலோர வீடுகளில் ஓட்டை விழுவதற்குக் காரணம் உப்புக்காற்று. இரும்பும் செம்பும் சேரும் பற்றவைப்பு இணைப்புகளில் உப்பும் ஈரமும் தங்கினால் அரிப்பு அங்கேதான் தொடங்கும். வீடு கழுவும் தண்ணீர் கம்ப்ரசர் அறைக்கு அடியில் தேங்குவது அதை இரட்டிப்பாக்கும். ஆகவே இணைப்புகள் இருக்கும் கம்ப்ரசர் அறையில் ஓட்டை என்றால் அதிர்ஷ்டம், பற்றவைத்துச் சரிசெய்யலாம். வெளித்தகரத்துக்குள் ஒட்டிய, வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாயில் என்றால் அதை வெட்டி விலக்கிவிட்டு, பின்னால் வெளிக் கண்டென்சர் ஒன்று மாட்டலாம். உட்சுவருக்குப் பின்னால் நுரைக்குள் இருக்கும் குளிரூட்டும் குழாய்ச் சுருள் (காயில்) போனால், அதைத் தொட முடியாது. உட்பக்கத்தில் புதிதாகச் செம்புக் குழாய் சுற்றுவார்கள். ஓடும், ஆனால் இடம் குறையும், துடைப்பது தொல்லை. மொத்தச் செலவு புதுப் பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் எங்கள் வாக்கு புதிதுக்கே.

சரிசெய்வதாக முடிவெடுத்தால் மெக்கானிக்கிடம் இவற்றைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். நைட்ரஜன் அடைத்து அழுத்தம் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிப்பாரா? குழாயைத் திறந்ததும் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் ஃபில்டரைப் புதிதாக மாற்றுவாரா? வேக்கம் பம்ப் வைத்துக் குறைந்தது அரை மணி நேரம் உறிஞ்சுவாரா? கேஸைத் தராசில் எடைபோட்டு ஏற்றுவாரா? பின்பக்க ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். ஆர்-290 அல்லது ஆர்-600ஏ என்றிருந்தால் அளவு பெரும்பாலும் நூறு கிராமை ஒட்டியே இருக்கும். பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும். "கைக்கணக்கு போதும்மா" என்பவரை அனுப்பிவிடுங்கள். இவை இரண்டும் தீப்பற்றும் கேஸ்கள். குழாயில் கேஸ் மிச்சம் இருக்கும்போது டார்ச் வைக்கக் கூடாது. சன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்த பிறகே வேலை நடக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஆர்-134ஏ ஏற்றுகிறேன் என்றால் அந்தக் கம்ப்ரசருக்கு அது பொருந்தாது.

புதிது வாங்கினால் அரையடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, வெளித்தகரத்தில் கார் வேக்ஸ் தடவி, பின்பக்கத்தை மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள்.

ஸ்டெபிலைசர் தேவையா? வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?
– வாசகர், அண்ணா நகர்

மாடலின் கையேட்டில் தாங்கும் வோல்டேஜ் எல்லை போட்டிருக்கும். கோடை இரவில், எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் உங்கள் பிளக்கில் எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனை விட்டு அளந்து பாருங்கள். எல்லைக்குள் என்றால் வேண்டாம். கீழே போகிறது என்றால் 300 லிட்டர் வரை 1 கே.வி.ஏ. போதும்; கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் வசதி உள்ளதாக இருக்கட்டும். நின்ற கம்ப்ரசர் உடனே கிளம்ப முயன்றால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் திணறும்.

கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மாட்டவே வேண்டாம். சைன் வேவ், 1.5 கே.வி.ஏ.வுக்கு மேல் என்றால் ஓடும். ஆனால் இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டுக்கு ஃப்ரீசருக்கு எதுவும் தேவையில்லை. மூடியைத் திறக்காமல் இருந்தால் போதும்.

புயல் அடித்தால் எங்கள் பகுதியில் இரண்டு மூன்று நாள் கரண்ட் இருக்காது. உள்ளே இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது? தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டால்?
– வாசகி, வேளச்சேரி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தெற்குச் சென்னையின் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சரக்கைக் குறைத்து வைப்பதே முதல் தற்காப்பு.

நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்தது என்றால் 24 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் வெப்பத்துக்கு அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலேயே காலி இடத்தையெல்லாம் தண்ணீர் பாட்டிலால் நிரப்புங்கள். லிட்டர் பாட்டிலில் 900 மில்லி மட்டும், உறையும்போது விரியும். கண்ணாடி பாட்டில் கூடாது. புயல் எச்சரிக்கை வந்ததும் குளிர்ச்சியை அதிகபட்சத்துக்குத் திருப்புங்கள். கரண்ட் போனதும் மேலே கம்பளி போர்த்தலாம். வந்ததும் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை எப்போதும் வைத்திருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீன், இறைச்சியைத் தூக்கிப் போடுங்கள். துண்டுகளில் இன்னும் பனிப்படிகம் தெரிந்தால், அல்லது தெர்மாமீட்டர் 4 டிகிரிக்குக் கீழே காட்டினால், சமைக்கலாம், மறுபடி உறையவும் வைக்கலாம். பதம் கொஞ்சம் குறையும். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்த மீன், இறைச்சி, பால் பொருள் எதுவும் வேண்டாம். முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். கெடுதல் செய்யும் கிருமி எல்லாமே நாறுவதில்லை.

வெள்ளம் கம்ப்ரசர் அறைக்குள் புகுந்திருந்தால், காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சுவிட்ச் போடக் கூடாது. மெக்கானிக் ரிலே, வயரிங் எல்லாம் பிரித்து, மின்கசிவு பார்க்கும் மெகர் கருவி வைத்துச் சோதித்த பிறகே ஓட்டலாம். சுவருக்குள் இருக்கும் நுரை ஊறியிருந்தால் அது காயாது, குளிரையும் தாங்காது.

சைவ வீடு. எங்களுக்கும் இதனால் பயன் உண்டா?
– வாசகி, மயிலாப்பூர்

தேங்காய் ஒன்றுக்கே வாங்கலாம். துருவி, பையில் அரை அங்குல கனத்தில் தட்டையாகப் பரப்பி உறைய வைத்தால் வேண்டிய அளவு ஒடித்து எடுக்கலாம். மூன்று மாதம் வரும். தை மாதத்து மொச்சையும் பட்டாணியும் மலிவாக வரும்போது உரித்து, கொதிக்கும் தண்ணீரில் பட்டாணியை ஒன்றரை நிமிடம், மொச்சையை மூன்று நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, வடித்துத் துடைத்து வையுங்கள். அந்தக் கொதி இல்லாவிட்டால் உறைந்த நிலையிலும் நொதிகள் வேலை செய்து நிறமும் மணமும் போய்விடும். முருங்கைக்கீரையும் அப்படியே, பிழிந்து உருண்டையாக. கறிவேப்பிலை கறுக்கும், வாசனை நிற்கும். மே மாத பங்கனபள்ளிக் கூழ் அடுத்த பொங்கல் வரை தாங்கும்.

உருளைக்கிழங்கு, தயிர், வெள்ளரி வேண்டாம். இட்லி மாவை வைத்தால் தோசை வார்க்கலாம், இட்லி தட்டையாகும்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று: பெட்டி ஃப்ரீசரில் அடியில் போனது மறந்துபோகும். சித்திரையில் வைத்தது கார்த்திகையில்தான் கண்ணில் படும். பெயரும் தேதியும் எழுதி, வகை வாரியாக மஞ்சப்பையில் போட்டு, காது மேலே தெரிய அடுக்குங்கள். அடியில் இருப்பதை எடுக்க ஒரு பையைத் தூக்கினால் போதும்.

தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டால் தெரிவதில்லை.
– வாசகர், வியாசர்பாடி

இன்றே பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் சரியில்லை, அல்லது உள்ளே வயர் கசிகிறது. எலி கடித்த வயராகவும் இருக்கலாம். மூன்றாவது பின் உடைந்த பிளக்கையோ எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ மாட்டியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்து, மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்ட பிறகு ஓட்டுங்கள். செருப்பு தீர்வு இல்லை.

மூன்று மாதம் மகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறோம். ஓட விடலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

வேண்டாம். கிளம்புவதற்கு முன் தீர்த்துவிடுங்கள். பனியை உருக்கி, சோடாத் தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் முழுக்கத் திறந்து காய விடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் சுருட்டிய துண்டைச் செருகி, இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி கயிற்றால் கட்டிவையுங்கள். முழுதாக மூடினால் பூஞ்சணம் பிடித்து, அந்த நாற்றம் பிளாஸ்டிக்கில் ஏறிவிடும். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருந்து, குழந்தைகள் வந்துபோவார்கள் என்றால் அந்தக் கயிறு இறுக்கமாக இருக்கட்டும். காலிப் பெட்டிக்குள் குழந்தை ஒளிந்து மூடி விழுந்தால் உள்ளிருந்து திறக்க முடியாது.